சுக்கு முதல் வெட்டிவேர் வரை: முரட்டு வேர், கிழங்குகளை வீட்டிலேயே நைஸாகப் பொடிப்பது எப்படி?

சுக்கை நாலாகத் தட்டி மிக்சியில் போட்டு ஓட்டினால் என்ன கிடைக்கும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் பொடி, நிறைய நார், கத்திக்குச் சிக்காமல் குதித்துக்கொண்டே இருக்கும் இரண்டு மூன்று கட்டிகள். இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று விட்டால் ஜார் சுடும், மோட்டாரில் வாடை வரும், பொடி மட்டும் நைஸாகாது. உடனே ‘நம்ம மிக்சிக்குப் பவர் பத்தாது’ என்று முடிவு கட்டிவிடுவோம்.

பெரும்பாலும் மிக்சி மேல் குற்றம் இருக்காது. பொருள் சரியாகக் காய்ந்திருக்காது. இல்லாவிட்டால் நார் நீளமாகவே உள்ளே போயிருக்கும். அதுவும் இல்லையென்றால், நடுவில் ஒரு தடவைகூடச் சலிக்காமல் மொத்தத்தையும் ஒரே மூச்சில் அரைக்கப் பார்த்திருப்போம். இந்த மூன்றையும் கவனித்தால் சாதாரண 500 வாட் மிக்சியிலேயே சுக்கும் அதிமதுரமும் விபூதிப் பதத்துக்கு வரும். கவனிக்காவிட்டால் 1000 வாட் மிக்சி வாங்கினாலும் நார் நாராகத்தான் இருக்கும்.

சுக்கு, மஞ்சள் இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன். மற்ற சாமான்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்த இரண்டின் சாயலில்தான் இருக்கும்.

எது, எதனால் மசிவதில்லை

சுக்கு, அதிமதுரம், வெட்டிவேர், நன்னாரி வேர் எல்லாம் நார்ச் சாமான்கள். செடியின் நார் செல்லுலோஸும் லிக்னினும் சேர்ந்தது. நீளவாக்கில் கிழியும், குறுக்கே லேசில் அறாது. மிக்சியின் கத்தி அறுப்பதைவிட அடிப்பதுதான் அதிகம். நிமிடத்துக்கு 18,000 சுற்று, 20,000 சுற்று என்று பெட்டியில் போட்டிருந்தாலும், நார் வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். அதில் கொஞ்சம் ஈரம் இருந்துவிட்டால் இன்னும் நன்றாகவே வளையும்.

விரலி மஞ்சள் வேறு ரகம். தோண்டியெடுத்த மஞ்சளை வேகவைத்துத்தான் காயப்போடுகிறார்கள். வேகும்போது உள்ளிருக்கும் மாவுச்சத்து கூழாகிறது, காயும்போது அப்படியே இறுகிக் கெட்டிப்படுகிறது. உடைத்துப் பார்த்தால் உடைந்த இடம் பளபளப்பாக இருக்கும். இது வளையாது, உடையத்தான் செய்யும். ஆனால் முழு விரலியாகப் போட்டால் அது உடைவதற்கு முன்னால் கத்தி மழுங்கும், அல்லது ஜாருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கப்ளர் பல் உடையும். சித்தரத்தை, கொட்டை நீக்கிய கடுக்காய் எல்லாம் இந்த வகையில் சேரும்.

கிராம்பு, ஜாதிக்காய், ஏலக்காய் மூன்றாவது வகை. கடினம் அதிகம் இல்லை, எண்ணெய்தான் பிரச்சினை. சூடேறினால் எண்ணெய் வெளியே வந்து பொடி ஜாரின் சுவரில் அப்பிக்கொள்ளும். ஏலக்காயோடு கொஞ்சம் சர்க்கரை சேர்த்து அரைப்பது இதற்காகத்தான். சர்க்கரைப் படிகம் தோலை உரசிக் கிழிக்கும், கசியும் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். ஜாதிக்காயை மிக்சியில் போடுவதைவிடத் துருவியில் துருவிக்கொள்வது உத்தமம்.

காய்ச்சல் பதம்

அரைக்கும் வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. கடையில் வாங்கிய சுக்கு காய்ந்ததுதானே என்று நினைக்க வேண்டாம். மளிகைக் கடை மூட்டையில், அதுவும் மழைக்காலத்தில் இருந்த சரக்கு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். மஞ்சள் தூளில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுத் தர விதி. வீட்டில் ஈரத்தை அளக்க மீட்டர் எல்லாம் தேவையில்லை, சமையலறைத் தராசு போதும். பொருளை எடை போட்டு ஒரு நாள் நல்ல வெயிலில் வைத்து, ஆறிய பிறகு மறுபடி எடை போடுங்கள். எடை குறைந்திருந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். குறையாமல் நின்றால் அதுதான் பதம்.

தராசு இல்லாதவர்கள் ஒடித்துப் பார்க்கலாம். படக்கென்று சத்தத்தோடு ஒடிய வேண்டும். வளைந்து, அப்புறம் நார் தொங்க ஒடிந்தால் காயவில்லை. கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று கேட்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் ஈரம் இருக்கிறது.

பங்குனி, சித்திரை வெயில் இதற்கென்றே வந்த வெயில். பத்து மணிக்கு மாடியில் தட்டையான தாம்பாளத்திலோ துணியிலோ ஒற்றை அடுக்காகப் பரப்பி, நாலு மணிக்குள் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். இரவு வெளியே விட்டால் பகலில் போன ஈரம் பனியில் திரும்ப வந்துவிடும். மேலே மெல்லிய வேட்டித் துணி ஒன்றைப் போர்த்தினால் தூசி, காக்கை இரண்டுக்கும் பாதுகாப்பு.

எல்லாவற்றையும் வெயிலில் போடக் கூடாது. வேர், கிழங்கு, காய், விதை இவற்றுக்கு வெயில். ஆவாரம்பூ, ரோஜா இதழ், கறிவேப்பிலை, முருங்கைக்கீரை மாதிரி மெல்லியவற்றுக்கு நிழல். வெயிலில் போட்டால் இலையின் பச்சை வெளுத்து, வாசனையும் போய்விடும். வெட்டிவேர் ஒரு விதிவிலக்கு. வேர்தான், ஆனாலும் வாசனைக்காக வாங்குகிறோம் என்பதால் இளவெயிலில் கொஞ்ச நேரம், மிச்ச நேரம் காற்றோட்டமான நிழல்.

மழைக்காலத்தில் அவசரமாக வேண்டுமென்றால் அடுப்பில் வெறும் வாணலியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு அதில் பொருளைப் போட்டுப் புரட்டலாம். ஓவன் இருந்தால் 50 முதல் 60 டிகிரி செல்சியஸில், கதவைச் சற்றே திறந்து வைத்து இரண்டு மூன்று மணி நேரம் வைக்கலாம். மைக்ரோவேவ் வேண்டாம். வெளியே சும்மா இருக்கும், உள்ளே கருகியிருக்கும்.

இன்னொரு விஷயம். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு அரைக்கக் கூடாது. முழுக்க ஆறிய பிறகுதான் பொருள் மொறுமொறுப்பாகும். ஆறவைக்கிறேன் என்று திறந்து வைத்துவிட்டு மறந்தாலும் தப்பு. மூடிய டப்பாவில் ஆறட்டும்.

என்னென்ன சாமான் வேண்டும்

இடிகல் அல்லது சிறிய இரும்பு உரல், உலக்கை. மிக்சியின் உலர் அரைப்பு ஜார் (சட்னி ஜாரும் ஆகும், பெரிய மாவு ஜார் ஆகாது, அதில் கத்திக்கும் சுவருக்கும் நடுவே இடம் அதிகம்). மைதா சலிக்கும் சல்லடை ஒன்று. பழைய மெல்லிய வேட்டித் துணி. ஒரு முறம். மூக்கைக் கட்ட ஒரு துணி அல்லது முகக்கவசம்.

உரல் இல்லாதவர்கள் கெட்டியான காடாத் துணியில் பொருளை முடிந்து, சிமென்ட் தரையில் வைத்து சுத்தியலால் தட்டலாம். தரை டைல்ஸ் என்றால் அடியில் பலகை போடுங்கள். கல் உரல் புதிதாக வாங்கியிருந்தால், தவிடும் பழைய அரிசியும் போட்டு பலமுறை இடித்துக் கொட்டி, கல் பொடி வருவது நின்ற பிறகே உபயோகிக்க வேண்டும்.

மாதா மாதம் பொடிப்பவர்களுக்கு, மூடியைத் திருகிப் பூட்டும் சிறிய எஃகு பல்வரைசர்கள் (பொடிக்கும் எந்திரங்கள்) இப்போது கிடைக்கின்றன. கடினமான மஞ்சளுக்கு மிக்சியைவிட நன்றாகவே உழைக்கும். ஆனால் நார் விஷயத்தில் அவையும் மிக்சி மாதிரிதான், வளைகிற நாரை அவற்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. வருஷத்துக்கு இரண்டு தடவை சுக்குப் பொடி செய்பவர்கள் அதற்காகப் பணம் போட வேண்டியதில்லை.

சுக்கு: முழு முறை

வாங்கும்போதே பாருங்கள். சிறு துளைகளும், பையின் அடியில் மாவு மாதிரி தூசியும் இருந்தால் வண்டு குடியிருக்கிறது, வேண்டாம். மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்த சுக்கும் சந்தையில் வரும். அது பார்க்கப் பளிச்சென்று இருந்தாலும், சாம்பல் கலந்த பழுப்பில் இருக்கும் சாதாரணச் சுக்கையே நான் எடுப்பேன். நுனியை ஒடித்து மோந்தால் மூக்கில் ஏற வேண்டும்.

‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பார்கள். சுக்கின் மேல்தோலையும் கடுக்காயின் உள்கொட்டையையும் நீக்கிவிட வேண்டும் என்பது இதன் பொருள். வைத்திய நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், அரைக்கிறவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. மண்ணும் தக்கை மாதிரியான பகுதியும் தோலில்தான் இருக்கின்றன. சிறு கத்தியால் சுரண்டிவிட்டு, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, அரை நாள் வெயிலில் வையுங்கள். தண்ணீரில் அலசினால் மறுபடி இரண்டு நாள் வெயில் காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது உடைப்பது. இந்த இடத்தில் அவசரம் கூடாது. சுக்கின் நார் கிழங்கின் நீளவாக்கில் ஓடுகிறது. உரலில் சுக்கை நிறுத்தி வைத்து ஓங்கி இடித்தால் நீள நீளமாகப் பிளந்து, முழு நீள நார் அப்படியே மிக்சிக்குப் போகும். படுக்கவைத்துக் குறுக்கே தட்டினால் துண்டு துண்டாக ஒடியும், நாரும் அந்தத் துண்டின் நீளத்துக்கே நிற்கும். பாக்கு வெட்டி இருக்கிற வீடு என்றால் அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. கொண்டைக்கடலை அளவு துண்டுகள் போதும். மிக்சி கத்தி நாரைக் குட்டையாக்காது. நீங்கள் எந்த நீளத்துக்கு வெட்டிப் போடுகிறீர்களோ அந்த நீளத்தில்தான் கடைசியில் சல்லடையில் நார் நிற்கும்.

உடைத்த துண்டுகளை இன்னும் ஒரு நாள் வெயிலில் வையுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். முழுச் சுக்கின் நடுவில் இருந்த ஈரம் இப்போதுதான் வெளியேற வழி கிடைத்திருக்கிறது. அந்த ஒரு நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு பிடி அரைத்துப் பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

அப்புறம் மிக்சி. ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போட வேண்டாம். கத்தி மூழ்காத அளவுக்குக் குறைவாகப் போட்டாலும் துண்டுகள் சுவரில் மோதிக் குதித்துக்கொண்டிருக்குமே தவிர அரைபடாது. ஆரம்பத்தில் தொடர்ந்து ஓட்டாமல், ஐந்து விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஐந்து விநாடி என்று ஒரு பத்துத் தடவை விட்டு விட்டு ஓட்டுங்கள். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மேலே இருக்கும் கட்டிகள் கீழே கத்திக்கு வரும். குதிக்கிற சத்தம் அடங்கி ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராகக் கேட்கும்போது அரை நிமிடம் தொடர்ந்து ஓட்டலாம். ஜாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்தி ஆறவிட வேண்டும். சுக்கின் மணம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. அரைக்கும்போது வீடெல்லாம் மணத்தால், அந்த மணம் பொடியிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

மூடியை உடனே திறக்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் தூசி அடங்கட்டும். அப்புறம் சல்லடையில் கொட்டிச் சலியுங்கள். கீழே விழுவது முதல் பொடி. அதை உடனே தனியாக எடுத்து மூடிவிட வேண்டும். மறுபடி அதையே அரைத்தால் சூடுதான் ஏறும், நைஸ் ஏறாது.

சல்லடையில் நிற்பது கப்பியும் (சரியாக அரைபடாத குருணை) நாரும் கலந்தது. இதை அப்படியே மறுபடி மிக்சியில் போட்டால் நார் கத்தியைச் சுற்றிக்கொண்டு கப்பியைக் காப்பாற்றும். முறத்தில் போட்டு மெல்லப் புடையுங்கள். லேசான நார் முன்னால் போகும், கனமான கப்பி உங்கள் பக்கம் தங்கும். முறம் பழக்கமில்லாதவர்கள் தட்டில் பரப்பிக் கையாலேயே நாரை அள்ளி எடுக்கலாம், அதுவே சுருண்டு ஒன்றாக வரும். கப்பியை அடுத்த ஈடு சுக்கோடு சேர்த்துப் போடுங்கள். தனியாகப் போட்டால் அளவு குறைவு, கத்திக்குச் சிக்காது.

இப்படி இரண்டு மூன்று ஈடு ஓட்டினால் கடைசியில் கொஞ்சம் நார் மிஞ்சும். அதைத் தூளாக்கியே தீருவேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம், அதில் சத்தான பகுதி பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. தூக்கிப் போடவும் வேண்டாம். மிச்சமிருக்கும் காரம் தண்ணீரில் இறங்கும். சுக்கு மல்லிக் காப்பிக்குக் கொதிக்கவிட்டு வடிகட்ட இந்த நார் தாராளமாகப் போதும்.

வஸ்திரகாயம்

சமையலுக்கு மைதா சல்லடை போதும். தேனில் குழைத்துச் சாப்பிடவோ, முகத்தில் பூசவோ என்றால் இன்னும் நைஸ் தேவை. சித்த மருத்துவத்தில் சூரணம் செய்பவர்கள் இடித்த பிறகு துணியில் சலிப்பார்கள். வஸ்திரகாயம் என்பது அதுதான். செய்வது சுலபம். வாயகன்ற பாத்திரத்தின் வாயில் நன்கு காய்ந்த மெல்லிய வேட்டித் துணியைச் சற்றே தொய்வாகக் கட்டுங்கள். ஒரு கரண்டி பொடியைப் போட்டு விரல்களால் மெதுவாக வட்டமாகத் தடவுங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது, அழுத்தினால் நாரும் துணிக்கண்ணில் செருகி உள்ளே போய்விடும். பொறுமை வேண்டிய வேலைதான். ஒரு தடவை இப்படிச் சலித்த சுக்குப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள் கடைப் பொடியை வாங்கத் தயங்குவார்கள்.

துணிக்குப் பதில் நம்பர் போட்ட எஃகுச் சல்லடை வாங்க நினைப்பவர்களுக்கு: ஒரு அங்குல நீளத்தில் எத்தனை கண் இருக்கிறதோ அதுவே சல்லடையின் நம்பர். 60 நம்பர் சல்லடையில் ஏறக்குறைய 250 மைக்ரான் அளவுள்ள துகள் வரை இறங்கும். 80 நம்பரில் 180, 100 நம்பரில் 150. சூரணத்துக்கு 80 நம்பர் வழக்கமான அளவு. முகப்பூச்சுக்கு 100 நம்பர் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சல்லடைதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 80 வாங்குங்கள்.

மஞ்சள்

இதில் இரண்டு வழி இருக்கிறது. எந்த மஞ்சள் உங்கள் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பொங்கல் கழிந்த பிறகு மஞ்சள் கொத்தின் கிழங்கு வீட்டில் கிடந்தால், அல்லது தோட்டத்தில் மஞ்சள் விளைந்தால், வேகவைக்கவே வேண்டாம். மண் போகக் கழுவி, ஈரத்தைத் துடைத்து, பச்சையாகவே உருளைக்கிழங்கு சிப்ஸ் சீவும் கட்டையில் மெல்லிய வில்லைகளாகச் சீவிக் காயப்போடுங்கள். நல்ல வெயிலில் நாலைந்து நாளில் மொறுமொறுவென்று ஆகிவிடும். மாவுச்சத்து வேகாததால் இறுகுவதில்லை, மிக்சியில் சட்டென்று தூளாகும். சற்றே பச்சை வாடை இருக்கும், சமைக்கும்போது அது போய்விடும். நிறமும் கடைத் தூளைவிடக் கொஞ்சம் வெளிறித் தெரியலாம். ஐந்து கிலோ பச்சை மஞ்சளுக்கு ஒரு கிலோ அளவுக்குத்தான் காய்ந்தது தேறும், அதனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கையுறை போடாமல் சீவினால் ஒரு வாரத்துக்கு மஞ்சள் கைதான்.

கடையில் வாங்கிய விரலி மஞ்சள் என்றால் உரல் கட்டாயம். முதலில் ஒரு சோதனை: கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு விரலியைப் போட்டுப் பாருங்கள். போட்ட உடனே பளீரென்று சாயம் இறங்கினால், நிறத்துக்காக ஏதோ பூசியிருக்கிறார்கள். லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் சாயம் இப்படிப் பூசப்படுவதுண்டு. அது விஷம். சந்தேகத்தோடு அதைப் பொடிப்பதைவிடக் குப்பையில் போடுவது நல்லது.

நல்ல விரலியை உரலில் போட்டு மிளகு அளவு வரும் வரை இடிக்க வேண்டும். சுக்குக்குக் கொண்டைக்கடலை போதும் என்றேன், மஞ்சளுக்குப் போதாது. உலக்கையை ஓங்கினால் துண்டு தெறித்துக் கண்ணில் படும். உரலின் வாயைத் துணியால் சுற்றி மூடிக்கொண்டு குட்டைக் குட்டையாக இடியுங்கள். இடித்ததை ஒரு நாள் வெயிலில் வைத்து ஆறவிட்டு, ஜாரில் கால் பங்கு மட்டும் போட்டு விட்டு விட்டு ஓட்டிச் சலியுங்கள். மஞ்சளில் நார் குறைவு, கப்பிதான் அதிகம் நிற்கும். அதைத் திரும்பத் திரும்ப அடுத்த ஈட்டோடு சேர்த்துக்கொண்டே போகலாம், கடைசி வரை பொடியாகும்.

கால் கிலோ, அரைக் கிலோ வரைக்கும்தான் இந்தப் பாடு தகும். அதற்கு மேல் என்றால் மில்தான்.

சித்தரத்தைக்கும் கடுக்காய்த் தோலுக்கும் இதே முறை. கடுக்காயில் துவர்ப்புச் சத்து அதிகம், ஈரத்தோடு இரும்பில் பட்டால் கருத்துவிடும். எனவே இரும்பு உரலும் காயும் துளி ஈரம் இல்லாமல் இருக்கட்டும்.

வெட்டிவேர், அதிமதுரம்

வெட்டிவேரைத் தனியாக மிக்சியில் போட்டால் உருண்டையாகச் சுருண்டு கத்தி மேல் உட்கார்ந்துகொள்ளும், மோட்டார் சும்மா சுற்றும். கத்தரிக்கோலால் அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கியே ஆக வேண்டும். அலுப்பான வேலை. ஒரு கட்டாக இறுகப் பிடித்துக்கொண்டு நறுக்கினால் சீக்கிரம் முடியும். அப்புறமும் தனியாகப் போடாமல் பச்சைப்பயறோடு சேர்த்து அரையுங்கள். ஒரு பங்கு வேருக்கு நாலு பங்கு பயறு. பயறு உடைந்து அந்தக் கரடுமுரடான துகள்கள் வேரை உரசி அரைக்கும், மாவு நடுவில் புகுந்து நார் ஒன்றோடொன்று பின்னுவதையும் தடுக்கும். குளியல் பொடிக்கு இரண்டுமே வேண்டியவைதான், ஆகவே நஷ்டம் ஒன்றுமில்லை. ஆவாரம்பூ, ரோஜா இதழ் போன்ற லேசான சாமானையும் இப்படிப் பயறோடு போட்டால் சுவரில் ஒட்டாமல் அரைபடும்.

அதிமதுரத்தை உரலில் தட்டினாலே நார் பிரிந்து மஞ்சள் நிறப் பொடி உதிரும். உதிர்ந்ததை முதலில் சலித்து எடுத்துவிட்டு, மீதியைக் குறுக்கே நறுக்கி மிக்சியில் போடுங்கள். மிஞ்சும் நாரைக் கஷாயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இனிப்பாக இருக்கிறதே என்று அதிமதுரப் பொடியை நாள் தவறாமல் சாப்பிடக் கூடாது. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். ரத்த அழுத்தம், இருதயம், சிறுநீரகக் கோளாறுகளுக்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சீயக்காய்க்கு மில்

வீட்டில் அரைக்க முடியாதென்று இல்லை. ஆனால் தும்மலும் கண் எரிச்சலும் தாங்காது. அதன் நுரைச் சத்து தூசியாகப் பறந்து மூக்கிலும் தொண்டையிலும் படும். கொட்டையும் சாமானியமாக மசியாது. வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று கிலோ தேறுகிறபோது மில்லில் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

மில்லுக்குக் கொண்டுபோகும் முன்னும் காய்ச்சல் பதம் அதே கறார்தான். ஒடித்தால் உடைய வேண்டும். பல ஊர் மில்களில் சீயக்காய், அரப்புக்குத் தனி மெஷின் உண்டு. இல்லாத மில்லில், முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் என்றால் வேறு நாள் போங்கள், தலையில் தேய்க்கும்போது தெரியும் அந்த எரிச்சல். மஞ்சள், சுக்கு மாதிரி சாப்பிடும் பொருளுக்கு இதை அப்படியே திருப்பிப் பார்க்க வேண்டும், சீயக்காய் ஓடிய மெஷினில் அவற்றைக் கொடுக்கக் கூடாது. ‘நைஸா, ரெண்டு ஓட்டு விடுங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலில் விழும் ஒரு பிடியில் முந்தைய ஆளின் சாமான் கலந்திருக்கும், அதைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

மில்லிலிருந்து வரும் பொடி கொதிக்கக் கொதிக்க இருக்கும். வீட்டுக்கு வந்த உடனே செய்தித்தாள் மேல் சுத்தமான துணி விரித்துப் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்து அந்த ஈரமே பொடியைக் கட்டியாக்கும், அப்புறம் பூசணம்.

மிக்சிக்கும் உங்களுக்கும் சில எச்சரிக்கைகள்

மிக்சியின் அடியில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு நேரம் ஓய்வு தர வேண்டும் என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமலே பத்து வருஷம் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். நடுவில் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். சுமை அதிகமாகிப் பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, பாதியைக் காலி செய்து, கால் மணி நேரம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஓடும். அடிக்கடி அப்படி விழுகிறதென்றால் நீங்கள் போடும் துண்டு பெரிது அல்லது அளவு அதிகம்.

கத்திக்கு அடியில் பொடி இறுகி அப்பிக்கொண்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மரக்குச்சியால் சுரண்டுங்கள், விரலை விட வேண்டாம்.

எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சலிக்கக் கூடாது. காற்றில் மிதக்கும் நுண்ணிய தாவரத் தூசி தீப்பற்றக்கூடியது. ஃபேனையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சலித்ததில் பாதி பக்கத்து அறைக்குப் போகும். வசம்பு மாதிரி சாமானுக்குச் சமையல் ஜாரைப் பயன்படுத்தவே கூடாது. வசம்பைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கும் பழக்கமும் ஆபத்தானது.

அரைத்து முடித்ததும் ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு ஓட்டினால் ஜாரில் ஒட்டியது எல்லாம் அதோடு வந்துவிடும். சுக்கு அரிசி மாவைக் கஞ்சியில் போடலாம். மஞ்சள் கறை பிடித்த பிளாஸ்டிக் மூடியைத் தேய்த்துப் பிரயோஜனமில்லை. கழுவி வெயிலில் வையுங்கள். வெயிலில் மஞ்சளின் நிறம் சிதைந்துவிடும் என்பதால் இரண்டொரு நாளில் வெளுத்துவிடும்.

பத்திரப்படுத்துவது

அதே காரணத்தால்தான் மஞ்சள் தூளை ஜன்னலோரக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கக் கூடாது. பொடியாக்கியதும் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு கூடுகிறது, மணமும் அந்த வேகத்தில் குறையும். முழுச் சுக்கு ஒரு வருஷம் தாங்கினால், சுக்குப் பொடி இரண்டு மூன்று மாதத்தில் மந்தமாகிவிடும். எனவே காயவைத்து உடைத்த துண்டுகளாக நிறைய வைத்துக்கொண்டு, பொடியை இரண்டு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் அரைப்பதே வசதி. துண்டுகள் தயாராக இருந்தால் அரைத்துச் சலிக்க அதிக நேரம் ஆகாது.

பாட்டிலைக் கழுவிய பிறகு அதுவும் ஒரு நாள் வெயிலில் காயட்டும். ஈரக் கரண்டியை உள்ளே விடக் கூடாது. அரைத்த தேதியை ஒட்டி வையுங்கள். அந்துப்பூச்சி, வண்டு பயம் இருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். எடுக்கும்போது டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், குளிர்ந்திருக்கும்போது திறந்தால் காற்றிலிருக்கும் ஈரம் பொடியில் படியும். பொடி கட்டி கட்டியாகி, புளித்த வாடையோ பூசண வாடையோ வந்தால் வெயிலில் வைத்துச் சரிப்படுத்தப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.